மூன்று பாட்டில், ஒரே தண்ணீர்

ஒரு மனிதரைக் கவிழ்க்க வேண்டும் என்று மூன்று வருஷம் இடைவிடாமல் நினைத்திருக்கிறேன். பல் விளக்கும்போது நினைப்பேன். பஸ்ஸில் நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் தலைகுனிந்து பாவமன்னிப்பு கேட்கும்போது, அவருடைய வேலை போக வேண்டும், அவருடைய கட்டிலும் பீரோவும் தெருவில் நிற்க வேண்டும் என்று கேட்பேன். கேட்டது கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. நாசரேத்தில் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எனக்குக் கெமிஸ்ட்ரியில் பட்டம். எங்கள் பக்கத்துப் பெண்கள் படித்தால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ் என்றிருந்த காலம். எனக்கு ஓர் ஆலையின் லேபில் வேலை கிடைத்தபோது அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் மவ ஃபாக்டரியில கெமிஸ்ட்டு" என்று தபால்காரரிடம்கூடச் சொன்னார்.

ஆலை ஊருக்கு வெளியே கடலைப் பார்த்து இருந்தது. மயில்துத்தம் செய்தார்கள். பழைய கப்பல்களிலிருந்து கழற்றிய செம்புக் கம்பியையும் தகட்டையும் அமிலத் தொட்டியில் கரைத்து, காய்ச்சி, ஆறவிட்டால் மயில் கழுத்து நிறத்தில் கல் கல்லாக உறையும். அதை மூட்டை கட்டி, செடிகளுக்கு மருந்தடிக்கத் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். பார்க்க அத்தனை அழகான பொருள். மிஞ்சிய பச்சைத் தண்ணீர் மதில் சுவருக்கு வெளியே ஓர் ஓடையில் இறங்கி, அப்படியே கடலுக்குப் போகும்.

ஏறத்தாழ அறுபது பேர் வேலை பார்த்தார்கள். லேபில் இரண்டே பேர். நான் ஒருத்தி, பாட்டில் கழுவும் அக்கா ஒருத்தி. அக்கா கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவள், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் புருஷனுக்கு அதே ஆலையில் அமிலத் தொட்டி வேலை. அவள் தம்பியோ சங்கு குளிக்க, கடலில் மூழ்கிச் சங்கெடுக்கப் போகிறவன். "எங்க வீட்டுல பாதி ஆலைச் சோறு, பாதி கடல் சோறு" என்பாள். மத்தியானம் தன் மீன் குழம்பில் பாதியை என் டிபன் பாக்ஸில் கவிழ்த்துவிட்டு, "எலும்பா இருக்கியே, தின்னு ளா" என்று அதட்டுவாள். தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல ஏளா, ளா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

தண்ணீரை அசுத்தப்படுத்துவதற்கு எதிராக டில்லியில் ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் ஆலைக்கும் ஒரு சர்க்கார் கடிதம் வந்தது. வாரம் ஒரு முறை கழிவுத் தண்ணீரில் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று சோதித்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சோதனை கஷ்டமானதல்ல. தண்ணீரில் அம்மோனியா விட்டால் செம்பு இருக்கிற அளவுக்கு நீலம் ஏறும். அளவு தெரிந்த நீலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதலாம். முதல் வாரம் நான் எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

மேனேஜர் மெட்ராஸ்காரர். அந்த ஆலையில் எல்லோர் நகக்கண்ணிலும் நீலம் இருக்கும், அவருடைய வெள்ளைச் சட்டையில் மட்டும் ஒரு பொட்டு இருக்காது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"உட்காருங்கம்மா. இந்த நம்பர் கரெக்டா?"

"கரெக்ட் சார். ரெண்டு தடவை செஞ்சு பார்த்தேன்."

"கெமிஸ்ட்ரிக்குக் கரெக்ட். கம்பெனிக்கு ஆகாது. இதைக் குறைக்கணும்னா சுண்ணாம்புத் தொட்டி கட்டணும், அதுக்கு ஆள் போடணும். முதலாளி என்ன சொல்வார் தெரியுமா? எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு குஜராத் பக்கம் போறேன்னுவார். அங்கே யாரும் கேட்கிறதில்ல. இங்கே அறுபது குடும்பம் நிக்கும். உங்க நம்பர் அவங்களுக்குச் சோறு போடுமா?"

அக்காவின் மீன் குழம்பு ஞாபகத்துக்கு வந்தது. அவர் பென்சிலால் ஓர் எண்ணை எழுதிக் காட்டினார். நான் அதை மையால் நோட்டில் எழுதினேன். ஒரு வருஷம் அப்படியே எழுதினேன். பின்னால் அவரைப் பழிவாங்கக் கிளம்பிய நான் முதல் வருஷம் முழுக்க அவருடைய ஆளாகத்தான் இருந்தேன்.

அக்காவின் தம்பி ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஆலை கேட்டுக்கு வந்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். கையில் ஓர் ஓலைப்பெட்டி. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. பெட்டியைத் திறந்ததும் நாற்றம் அடித்தது.

"பாருங்கக்கா. ஓடை வாய்க்கு நேரே கடலடியில இருக்கிற பாறைப் பார்ல சங்கு பூராவும் செத்துக் கெடக்கு. சிப்பியப் பொளந்தா சதை பச்சையா இருக்கு. அங்கன முங்கி எந்திரிச்சா கண்ணைத் தொறக்க முடியல. நீங்க படிச்சவிய, இது என்னன்னு சொல்லுங்க."

ஒரு சிப்பியின் சதையை லேபுக்கு எடுத்துப் போய்க் கரைத்து அம்மோனியா விட்டேன். குழாய் முழுக்க நீலம் ஏறியது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நம்ம நீலமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் குழாய்களைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை உண்மையான எண்ணை நோட்டில் எழுதினேன். மேனேஜர் லேபுக்கே வந்தார்.

"மாத்துங்கம்மா."

"மாட்டேன் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

அவர் நோட்டை மெதுவாக மூடி வைத்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். இத்தனை எளிதாக முடிந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலையில் லேபில் இருந்த பிளாட்டினக் கிண்ணத்தைக் காணோம் என்றார்கள். அரை எலுமிச்சம்பழ அளவு இருக்கும் அந்தக் கிண்ணம். தங்கத்தைவிட விலை. அதனால் அதை வைக்கும் அலமாரியின் சாவி மேனேஜரிடம்தான் இருக்கும். பதினோரு மணிக்கு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு ஜீப்பில் கூட்டிப் போனார்கள். என் டிரங்குப் பெட்டியைத் தாழ்வாரத்தில் கவிழ்த்தார்கள். என் உள்பாவாடையை ஒரு போலீஸ்காரர் லத்தி நுனியால் தூக்கிப் பார்த்தபோது விடுதிப் பெண்கள் எல்லோரும் படியில் நின்றிருந்தார்கள்.

"நான் எடுக்கல சார். சாவியே எங்கிட்ட கிடையாது" என்றேன்.

"நீ ஹேண்ட்பேக்ல போட்டதைப் பார்த்தேன்னு உங்க லேப் பொம்பள எழுதிக் கொடுத்திருக்கே" என்று சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். கீழே அக்காவின் கையெழுத்து. எழுத்துக் கூட்டி, கோணல்மாணலாக. அந்தக் கையெழுத்தைப் போட அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

மத்தியானம் அதே ஜீப் நாசரேத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அரிசிப் பானையில் கைவிட்டுப் பார்த்தார்கள். அப்பாவின் புத்தக அலமாரியைக் கலைத்தார்கள். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து பாதி வகுப்பில் வந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பையன்கள் அவர் முன்னால் நிற்பதுபோல நின்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. சாட்சி போதவில்லை என்று சில மாதங்களில் கேஸையும் விட்டுவிட்டார்கள். ஆனால் திருடி என்று வேலையிலிருந்து நீக்கிய கடிதம் கடிதம்தான். பேசி முடித்திருந்த பாளையங்கோட்டை மாப்பிள்ளை வீட்டார் ஒரு கார்டு போட்டு விலகிக்கொண்டார்கள். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அப்பாவின் பொறுப்பு. யாரும் அவரை வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவராகவே பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மாதம் கழித்துத் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் அக்காவின் தம்பி என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"அந்தக் கிண்ணம் லேபுலயேதான் இருக்காம் அக்கா. எங்கக்காதான் தெனமும் கழுவி வைக்கா. வீட்டுல வந்து அழுதா. நான் சொன்னேன்னு சொல்லிராதீய."

அன்றைக்குத்தான் என் கோபம் ஒரு வடிவத்துக்கு வந்தது. அதுவரை அழுகையாக இருந்தது.

நெருக்கடிநிலைக் காலம் வந்து போனது. நான் ஊரில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, பேப்பரில் வருகிற ஒவ்வொரு வேலைக்கும் மனுப் போட்டேன். கடைசியில் திருநெல்வேலியில், தண்ணீர் சோதிக்கிற ஒரு சர்க்கார் லேபில் தற்காலிக வேலை கிடைத்தது. கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், எப்போதாவது ஓர் ஆலைக் கழிவு. முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, என்றாவது ஒரு நாள் அந்த ஓடை இந்த மேஜைக்கு வரும்.

வந்தது. சங்கு குளிப்பவர்கள் சேர்ந்து கலெக்டருக்குப் போட்ட மனு. வரிசையாகக் கைநாட்டு. முதல் கையெழுத்து அக்கா தம்பியுடையது. எங்கள் அதிகாரி ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர், ஒரு வரியை இரண்டு முறை படிக்கிற மனிதர்.

"யார் போறீங்க?" என்றார்.

"நான் போறேன் சார். எனக்கு அந்தப் பக்கம் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

"காலை எட்டு மணிக்கு ஒண்ணு, பன்னிரண்டுக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. மூணு பாட்டில். ஆலைத் தண்ணி ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காதும்மா. மூணையும் சேர்த்துப் பார்த்தாத்தான் நியாயம். கம்பெனிக்காரங்க கையெழுத்து வாங்கிருங்க" என்றார்.

ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமைகளில் தொட்டிகளின் அடி வண்டலைக் கழுவுவார்கள். பதினொன்றரை மணிக்கு மதகைத் திறந்தால் பன்னிரண்டுவரை ஓடையில் போவது தண்ணீரே அல்ல. அந்த வாரத்தின் மொத்த விஷமும் அந்த அரை மணி நேரத்தில் போகும்.

சனிக்கிழமை கிளம்பினேன். டிரைவரை வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி காபி வாங்கிக் கொடுத்தேன். ஓடைக்கரையில் நான் இறங்கியபோது பதினொன்றரை. டிரைவர் ஜீப்பிலேயே தூங்கிவிட்டார். பச்சைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி முதல் பாட்டிலை நிரப்பினேன். தக்கை போட்டேன். இரண்டாவதை நிரப்பினேன். மூன்றாவதையும் அங்கேயே நிரப்பினேன். கால் எரிந்தது. அந்த எரிச்சல்கூட அன்றைக்கு இனித்தது.

சர்க்கார் ஜீப் என்று கேள்விப்பட்டு மேனேஜரே மதிலுக்கு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு அதே மெதுவான குரலில் சொன்னார்.

"நல்ல வேலையில இருக்கீங்க போல. சந்தோஷம்."

"கையெழுத்துப் போடணும் சார். மூணு லேபிள்."

"இதெல்லாம் எத்தனையோ பார்த்தாச்சும்மா. எங்கே போடணும்?"

லேபிளில் நேரம் என்ற இடம் காலியாக இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தகுந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை. மூன்றிலும் கிறுக்கிவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் உடனே திரும்பிவிடவில்லை. ஜீப்பைக் கடற்கரைப் பக்கம் விடச் சொல்லி, சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். வல்லநாடு தாண்டும்போது மடியில் பாட்டில்களை வைத்துக்கொண்டு ஒன்றில் காலை எட்டு மணி என்றும், ஒன்றில் பன்னிரண்டு என்றும், ஒன்றில் மாலை நாலு என்றும் எழுதினேன். அவர் என்னை எண்ணை மாற்றச் சொன்னார். நான் நேரத்தை மாற்றினேன்.

சோதனைக்கூடத்தில் அந்த நீலத்தைப் பார்த்து அதிகாரியே, "நாள் பூரா இப்படியா விடுறான்? ராட்சசன்" என்றார். நான் தலையாட்டினேன்.

ரிப்போர்ட்டை வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மேனேஜர் வந்தார். அன்றைக்கு அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"சார், இந்தம்மா எட்டு மணிக்கு வரல. பதினொன்றரைக்குத்தான் வந்தாங்க. பத்து நிமிஷத்துல மூணு பாட்டிலையும் பிடிச்சுட்டாங்க. எங்க வாட்ச்மேன் பார்த்திருக்கான்."

அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

"நான் நாள் முழுக்க ஓடைக்கரையில இருந்தேன் சார். லேபிள்ல இவர் கையெழுத்து இருக்கு" என்றேன்.

"இவங்களுக்கு எங்க மேல பகை சார். பிளாட்டினக் கிண்ணம் திருடினதுக்காக எங்க கம்பெனியில வேலையை விட்டு நீக்கினவங்க இவங்க."

அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் அதிகாரியும் பார்த்தார். இதற்காகத்தான் நான் மூன்று வருஷம் காத்திருந்தேன். அவர் வாயாலேயே அது வர வேண்டும் என்றுதான் இருந்தேன்.

"அந்தக் கிண்ணம் இப்பவும் அவங்க லேப் அலமாரியிலதான் இருக்கு சார். இப்பவே ஆள் அனுப்பிப் பாருங்க" என்றேன்.

ஆர்.டி.ஓ. மேனேஜரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, தாசில்தாரை ஜீப்பில் அனுப்பினார். ஒரு மணி நேரம். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தாசில்தார் திரும்பி வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜைமேல் பிரித்தார். அரை எலுமிச்சம்பழ அளவில், பளிச்சென்று கழுவிய கிண்ணம். அடியில் ஆலையின் நம்பர்.

அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் யார் கேட்பார்கள்? வாட்ச்மேனைக் கூப்பிடக்கூட இல்லை. சுண்ணாம்புத் தொட்டி கட்டிச் சுத்தப்படுத்துகிறவரை ஆலை ஓடக் கூடாது என்று உத்தரவானது.

வெளியே வராண்டாவில் என்னைத் தாண்டிப் போகும்போது அவர் நின்றார்.

"நாலு மணிக்கு நீங்க அங்கே தண்ணி எடுக்கல. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"ஆமா சார். என் பையில கிண்ணம் இல்லைங்கறதும் நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியும்."

இருபத்தாறு வயதில் அதைச் சொன்னபோது உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. அது இன்னும் எனக்கு மறக்கவில்லை. மறக்க நான் முயன்றதுமில்லை.

திரும்பும் வழியில் அதிகாரி, "அங்கே வேலை பார்த்ததை நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்மா" என்றார். சொல்லியிருந்தால் என்னை அனுப்பியிருக்க மாட்டார். "வழக்கமா இந்த மாதிரி கேஸ்ல நோட்டீஸ் கொடுத்து, தொட்டி கட்ட ஆறு மாசம் டைம் கொடுப்பாங்க. ஆலையும் ஓடிக்கிட்டிருக்கும். இவ்வளவு பெரிய நம்பரானதுனாலதான் மூடச் சொல்லிட்டாங்க" என்றும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நியாயமாக மூன்று நேரமும் எடுத்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று என்னால் மனக்கணக்காகவே சொல்ல முடியும். அதுவும் வரம்பைத் தாண்டித்தான் இருந்திருக்கும். நோட்டீஸுக்குப் போதும். மூடப் போதாது.

முதலாளி மேனேஜரை அந்த மாதமே வெளியே அனுப்பினார். கம்பெனி வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு லீவு போட்டுவிட்டுப் போனேன். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பீரோ வந்தது. கட்டில் வந்தது. லாரிக்காரர்கள் ஏற்றத் தாமதமானதால் இரண்டும் வெயிலில் தெருவில் நின்றன. அவர் மனைவி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றாள். அவர் மேல் எனக்கு இரக்கம் வருகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு டீ சொல்லிக் குடித்தேன்.

அந்தப் பெஞ்சில் நான் இருந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் அக்கா திருநெல்வேலிக்கே வந்துவிட்டாள். லேபின் வேப்பமரத்தடியில் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"நல்லா இருக்கியளா, அம்மா?" என்றாள்.

ஏளா என்று கூப்பிட்டவள் அம்மா என்றதும் எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன விஷயம்?"

"ஒரு மாசமா கேட்டு பூட்டிக் கெடக்கு. எம் புருசன் வீட்டுல உக்காந்திருக்காவ. மூட்டை தைக்கிற பொம்பளையள்ல நாலு பேரு புள்ளையளக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டாவ. எப்பத் தொறப்பாவன்னு நீங்கதான் சொல்லணும்."

"என் கையில என்ன இருக்கு? தண்ணி சொன்னதை எழுதினேன்."

"தண்ணி சொல்லல." அவள் குரல் மாறியது. "வாட்ச்மேன் எங்க தெருக்காரன் ளா. நீ எத்தன மணிக்கு வந்தேன்னு அவன் சொன்னான். எனக்குச் சனிக்கெழம தண்ணி தெரியாதா? பாட்டில் கழுவுனவளுக்குத் தெரியாதா?"

நான் லேப் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் செஞ்சே, சரி. அந்த ஆளுக்குச் செஞ்சே, அதும் சரி. மத்தவிய உன்ன என்னளா செஞ்சாவ?"

"அந்தக் கையெழுத்தைப் போடும்போது எங்கப்பாவை நெனச்சீங்களா?" என்று கத்திவிட்டேன். உள்ளே இருந்து பியூன் எட்டிப் பார்த்தார்.

"நெனச்சேன்" என்றாள். "நெனச்சிக்கிட்டேதான் போட்டேன். போடலன்னா எம் புருசனுக்கு நாளைக்கு வேலை இல்லன்னு அந்த ஆளு சொன்னாரு. மாதா அறிய, உங்கப்பாவையும் நெனச்சேன், எம் புள்ளையளையும் நெனச்சேன். எம் புள்ளையளுக்குத்தான் போட்டேன்."

அவள் போன பிறகு லேபில் உட்கார்ந்து வெகுநேரம் ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் கெட வேண்டும் என்று நான் நினைத்தது பொய்யில்லை. கேட்டு பூட்டிய நாளில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து ரசித்திருக்கிறேன். அந்த முகத்தை இப்போது பார்த்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் சுண்ணாம்புத் தொட்டி எழும்பியது. முதலாளி குஜராத்துக்குப் போகவில்லை. நம் கடற்கரைச் சூளைகளில் சுடுகிற சிப்பிச் சுண்ணாம்பையே வாங்கிக் கொட்டினார்கள். செம்பு அடியில் பச்சைச் சேறாகப் படிந்தது. அந்தச் சேற்றைத் திரும்பவும் அமிலத் தொட்டியில் கரைத்தால் மயில்துத்தம்தான். ஆலை போய்விடும், ஊரே பட்டினி கிடக்கும் என்று சொல்லிச் சொல்லி என்னை ஒரு வருஷம் பொய் எழுத வைத்த காரியம் இவ்வளவுதான். அதைப் பார்த்தபோது அந்த மேனேஜர்மேல் எனக்கு இன்னொரு தடவை ஆத்திரம் வந்தது. கூடவே, ஆறு மாத நோட்டீஸிலேயே இது முடிந்திருக்கும் என்றும் தெரிந்தது.

திறந்தபோது எல்லோரையும் எடுக்கவில்லை. இருபது பேரை நிறுத்திவிட்டார்கள். அக்காவை எடுத்தார்கள், அவள் புருஷனை எடுக்கவில்லை. நான் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். வயதான மனிதர், நெற்றி நிறைய விபூதி.

"தொட்டி கேட்டது நீங்கதானம்மா. அதுக்கான செலவை எங்கேயாவது குறைக்கணும்ல?" என்றார்.

"தொட்டி கட்டினாப் போதாது சார். மூணு ஷிஃப்டும் பக்கத்துல ஆள் நின்னு சுண்ணாம்பு போடணும். ஆள் இல்லன்னா நான் அப்படியே எழுதுவேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் எழுதுவேன் என்று அவருக்குத் தெரியும். ஆறு பேரைத் தொட்டிக்கு எடுப்பதாகச் சொன்னார். ஆறுதான். பதினான்கு பேர் போனது போனதுதான்.

திரும்பவும் தண்ணீர் எடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு ஒரு பாட்டில் எடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒன்று. நாலு மணிவரை அந்த ஓடைக்கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். நடுவில் அக்காவின் தம்பி வந்து, பார்ப் பக்கம் இப்போது கண்ணைத் திறக்க முடிகிறது, குஞ்சுச் சங்கு இரண்டொன்று தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு மணிக்கு மூன்றாவதையும் எடுத்தேன். எண் வரம்புக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. அப்படியே எழுதினேன், மறுபடியும் நோட்டீஸ் போனது, சுண்ணாம்பைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு லேபிளிலும் நேரத்தை மாற்றி எழுதியதில்லை.

அந்தக் கிண்ணம் அகப்பட்ட செய்தி நாசரேத்துக்குப் போய் அப்பா மறுபடியும் முன்வரிசைக்கு வந்தார். எப்படி அகப்பட்டது என்று மட்டும் கேட்டார். பாட்டில்களைப் பற்றி நான் சொல்லவில்லை.

முதலாளி ஆறு பேருக்கு ஒத்துக்கொண்ட அந்த வாரமே, தொட்டி வேலைக்கு ஆள் எடுக்கிற செய்தியைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்து காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அதற்குள் உப்பளத்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

"வேணாம்மா. அங்கன உப்பு மட்டுந்தான் காலைக் கடிக்கும். அமிலத்துக்கு இது எவ்வளவோ தேவலை. வேற யாருக்காச்சும் குடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். தெருமுனைவரை கூடவே வந்தாள்.

"அந்த ஆளு இப்ப எங்கன இருக்காரு?" என்று கேட்டாள்.

"யாரு, மேனேஜரா? தெரியாது."

"தெரிஞ்சா சொல்லு ளா" என்றாள். "எனக்கும் அவருகிட்ட ஒரு சோலி இருக்கு."